"ரெஸ்ட் எடு" என்று இனிமேல் சொல்லாதீர்கள்

புற்றுநோய்க்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளையைப் பார்க்கப் போகிற பெரியவர்கள், ஆரஞ்சுப் பழப் பையைக் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டு, எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள். "நல்லா ரெஸ்ட் எடு தாயி. அலையாதே. படுத்தே இரு." அந்த வார்த்தையோடுதான் இன்றைக்கு எனக்குச் சண்டை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. கோவில்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் 31 வருஷம் பி.டி. வாத்தியாராக இருந்து, விசிலைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தவன். ஹாக்கி மட்டையும் கரிசல் புழுதியும்தான் எனக்குத் தெரிந்த உலகம். ஆனால் என் தங்கையின் பேத்திக்கு இரண்டரை வருஷமாக ரத்தப் புற்றுநோய்க்கு வைத்தியம் நடக்கிறது. பதினொரு வயதில் ஆரம்பித்தது. பெயர் வேண்டாம், பாப்பா என்றே எழுதுகிறேன். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் கூடவே அலைந்திருக்கிறேன். டாக்டர்களைக் கேட்டிருக்கிறேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தும் இருக்கிறேன். அந்த அளவுக்குப் பேச எனக்கு உரிமை உண்டு.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். வைத்தியம் நடக்கிற நாட்களிலேயே, டாக்டர் போடும் வரம்புக்குள், பிள்ளை தினமும் எழுந்து உடம்பை அசைக்க வேண்டும். நோய் குணமான பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கிற சமாசாரம் இல்லை இது. அதைத் தடுக்கிற கை எவ்வளவு பாசமான கையாக இருந்தாலும், அது பிள்ளைக்குக் கெடுதல்தான் செய்கிறது.

நம் தலைமுறைக்கு இந்தப் "படுத்தே இரு" எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். நாம் வளர்ந்த காலத்தில் டாக்டர்களே அப்படித்தான் சொன்னார்கள். மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் கட்டிலை விட்டு இறங்கவிடமாட்டார்கள். கண்புரை ஆபரேஷன் செய்தவர்களுக்குத் தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து, திரும்பக் கூடாது என்று கிடத்தியிருந்ததை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். இன்றைக்குக் கண் ஆபரேஷன் செய்தவர் அன்று சாயங்காலமே வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காபி குடிக்கிறார். மாரடைப்பு வந்தவரை மறுநாளோ அதற்கு மறுநாளோ நடக்கச் சொல்கிறார்கள். வைத்தியம் மாறிவிட்டது. நாம் மட்டும் பழைய மணல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறோம்.

படுக்கை என்ன செய்யும் என்பதற்கு ஒரு பழைய சோதனை இருக்கிறது. 1966-இல் அமெரிக்காவில் டல்லஸ் நகரத்தில் இருபது வயதுள்ள ஐந்து திடகாத்திரமான இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். நோய் எதுவும் கிடையாது, சும்மா படுத்திருந்ததுதான். உழைக்கும்போது உடம்பு பிராணவாயுவை எடுத்துக்கொள்ளும் சக்தி அவர்களுக்குக் கால் பங்குக்கும் மேல் குறைந்துபோயிற்று. அதே ஐந்து பேரை முப்பது வருஷம் கழித்துத் திரும்பவும் சோதித்தார்கள். முப்பது வருஷ முதுமை செய்த சேதத்தைவிட, இருபது வயதில் அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதமே அதிகமாக இருந்தது. திடமான வாலிபனுக்கு மூன்று வாரத்தில் இந்தக் கதி. பன்னிரண்டு வயதுப் பிள்ளையை, அதுவும் கடுமையான மருந்து ஓடுகிற உடம்பை, நாம் மாதக்கணக்கில் படுக்கச் சொல்கிறோம்.

அந்த மருந்துகள் என்ன செய்கின்றன என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். சிறுபிள்ளைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகம் வருவது ரத்தப் புற்றுநோய். அதற்கு முக்கியமான மருந்துகளில் ஒன்று வின்கிறிஸ்டின். இது எதிலிருந்து வருகிறது தெரியுமா? நம் வீட்டு வாசலிலும் சுடுகாட்டு ஓரத்திலும் ரோஸ் நிறத்தில் பூத்துக்கிடக்கிற நித்தியகல்யாணியிலிருந்து. மூட்டை மூட்டையாக இலையைப் போட்டுப் பிரித்தெடுத்தாலும் கையில் மிஞ்சுவது கொஞ்சமே கொஞ்சம். எத்தனையோ லட்சம் பிள்ளைகளின் உயிரைக் காப்பாற்றிய மருந்து. அந்தச் செடியை எங்கே கண்டாலும் நான் இப்போதெல்லாம் ஒரு கும்பிடு போடுகிறேன்.

ஆனால் அது நரம்பையும் தாக்கும். முக்கியமாகக் கால் நுனியிலும் கை நுனியிலும் இருக்கிற நரம்புகளை. பாதத்தை மேலே தூக்குகிற தசை வலுவிழந்து போகும். மூன்றாவது மாதம் பாப்பாவுக்குச் செருப்பு காலில் நிற்கவில்லை, நடக்க நடக்கக் கழன்றுகொண்டே வந்தது. அவள் அம்மா, செருப்பு பெரிதாகிவிட்டது என்று நினைத்துச் சின்ன அளவில் வேறு வாங்கித் தந்தாள். நான் நடையைப் பார்த்தேன். வயலில் கொக்கு நடக்கிற மாதிரி முழங்காலை உயரத் தூக்கித் தூக்கி வைத்தாள். பாதம் தொங்கித் தரையில் தட்டியது. 31 வருஷம் பிள்ளைகளின் காலையே பார்த்துக்கொண்டிருந்தவன் கண்ணுக்கு அது தப்புமா? டாக்டரிடம் உடனே சொல்லுங்கள் என்றேன். அவர் பார்த்துவிட்டுப் பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுத்தார்.

அடுத்தது ஸ்டீராய்டு. முகம் பூரித்துப் போகும், பசி பேயாய்ப் பிடிக்கும். பார்க்கிறவர்கள் "பிள்ளை தேறிட்டா" என்பார்கள். உள்ளுக்குள் தொடைத் தசை கரைந்துகொண்டிருக்கும். எலும்பும் மெலியும். தரையில் உட்கார்ந்து சாப்பிட்ட பிள்ளை, எழுந்திருக்க இரண்டு கையையும் தொடையில் ஊன்ற ஆரம்பிக்கும். கக்கூஸில் குத்தவைத்தால் தானாக எழ முடியாது. பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளைக்குக் கக்கூஸிலிருந்து எழும்ப அம்மாவைக் கூப்பிட வேண்டியிருந்தால் அதன் மனசு என்ன பாடுபடும் என்று நினைத்துப் பாருங்கள். சிவப்பு மருந்து என்று நர்ஸ்கள் சொல்கிற டாக்ஸோரூபிசின் வகை மருந்துகள் ஒரு அளவுக்கு மேல் போனால் இதயத்தைப் பலவீனப்படுத்தக் கூடியவை. அதற்காகத்தான் எக்கோ எடுத்துப் பார்த்துக்கொண்டே கொடுக்கிறார்கள்.

ஆக, மருந்து நரம்பைத் தளர்த்துகிறது, தசையைக் கரைக்கிறது, எலும்பை மெலிய வைக்கிறது. அதே மூன்றையும் படுக்கையும் செய்கிறது. மருந்தின் கெடுதலை நாம் தவிர்க்க முடியாது, உயிர் பிழைக்க அது வேண்டும். படுக்கையின் கெடுதலை எதற்காக அதன்மேல் ஏற்றிவைக்கிறோம்?

"நல்லா பிழைச்சு வரட்டும், அப்புறம் ஓடி ஆடட்டும்" என்பாள் என் தங்கை. "அண்ணே, உங்க வாத்தியார் வேலைய பள்ளிக்கூடத்தோட வச்சுக்கிடுங்க" என்றும் சொன்னாள். அவள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அடையாறில் புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் தொடங்கிய காலத்தில், பிள்ளைக்கு ரத்தப் புற்றுநோய் என்றால் நாள் எண்ண வேண்டியதுதான். நாம் பார்த்த சினிமாவிலும் அந்த நோய் வந்தவர் கட்டிலில் படுத்து, ரத்தமாக இருமி, கடைசிப் பாட்டைப் பாடிவிட்டுப் போய்ச் சேருவார். சாகப் போகிற பிள்ளையைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பதுதான் அந்த "ரெஸ்ட்" என்ற வார்த்தைக்குள் ஒளிந்திருக்கிற அர்த்தம். நாம் வாயால் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

காலம் அப்படி நிற்கவில்லை. பணக்கார நாடுகளில் புற்றுநோய் வந்த பிள்ளைகளில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் பிழைக்கிறார்கள். நம்மைப் போன்ற நாடுகள் இன்னும் பின்தங்கித்தான் இருக்கின்றன. 2030-க்குள் உலகம் முழுவதும் நூற்றுக்கு அறுபது பேராவது பிழைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் இலக்கு வைத்தது. பிழைக்கிற பிள்ளைக்கு முன்னால் ஐம்பது, அறுபது வருஷ வாழ்க்கை கிடக்கிறது. அந்த வாழ்க்கையை நடத்தப் போவது இந்தக் கால், இந்த முதுகெலும்பு, இந்த இதயம். எலும்பு கனத்து உரமாவது பத்து வயதிலிருந்து இருபது வயதுக்குள். அந்த வயதில் போடாத அஸ்திவாரத்தைப் பிறகு போடுவது கஷ்டம்.

இது பி.டி. வாத்தியாரின் கிறுக்கு என்று நினைக்க வேண்டாம். பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து, புற்றுநோய் வந்த பிள்ளைகளுக்கும் வாலிபப் பருவத்தினருக்குமான உடற்பயிற்சி வழிகாட்டி ஒன்றை 2021-இல் வெளியிட்டார்கள். சாரம் இதுதான்: உடம்பை அசைப்பது இந்தப் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பானது, நல்லது. எப்போது முடியுமோ, எங்கே முடியுமோ, எப்படி முடியுமோ அப்படி அசையட்டும். வைத்தியம் நடக்கும்போதும், முடிந்த பிறகும். ஜெர்மனியில் பல ஆஸ்பத்திரிகளில் புற்றுநோய்ப் பிள்ளைகளின் வார்டுக்கே உடற்பயிற்சி சொல்லித் தருகிறவர்கள் வருகிறார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். உடற்பயிற்சி புற்றுநோயைக் குணமாக்கும் என்று நான் சொல்லவில்லை. குணமாக்குவது மருந்துதான். மூச்சைப் பிடித்தால் கட்டி கரையும், இந்த ஆசனம் போட்டால் கீமோ வேண்டாம் என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிற மகான்கள் இருக்கிறார்களே, "படுத்தே இரு" என்பவர்களைவிட அவர்கள் நூறு மடங்கு ஆபத்தானவர்கள். இதுவரை பிள்ளைகளை வைத்து நடந்த ஆராய்ச்சிகள் சின்னச் சின்ன ஆராய்ச்சிகள்தான். பலம் கூடுகிறது, நடக்கிற தெம்பு கூடுகிறது, சோர்வு குறைகிறது என்கிற அளவில் நல்ல அடையாளங்கள் உண்டு. எனக்கு அது போதும். எழுந்து நிற்கத் தெம்பு இருந்தால் கக்கூஸுக்குத் தனியாகப் போகலாம். ஒரு பிள்ளைக்கு அதைவிடப் பெரிய கௌரவம் என்ன?

"ரத்த அணு குறைஞ்சிருக்கும்போது விழுந்துட்டா?" நியாயமான கேள்வி. தட்டணுக்கள் ரொம்பக் குறைந்திருக்கும்போது குதிக்கக் கூடாது, முட்டி மோதுகிற விளையாட்டு கூடாது, பாரம் தூக்கக் கூடாது. காய்ச்சல் அடித்தால் பயிற்சி கிடையாது, உடனே ஆஸ்பத்திரிதான். ஹீமோகுளோபின் இறங்கித் தலைசுற்றினால் உட்கார வேண்டும். மருந்து ஏற்ற உடம்பில் வெளிக்குழாய் வைத்திருந்தால் குளத்திலும் கிணற்றிலும் இறங்கக் கூடாது. எலும்பில் கட்டி இருந்தால் அந்தக் காலில் எவ்வளவு பாரம் ஊன்றலாம் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். இவையெல்லாம் வரம்புகள். வரம்பு இருக்கிறது என்பதற்காக யாராவது வயலையே தரிசாகப் போடுவார்களா?

தெம்பில்லாத நாளில் பாப்பா கட்டிலில் உட்கார்ந்தபடி கால் பெருவிரலால் காற்றில் அ, ஆ, இ எழுதுவாள். அது கணுக்காலுக்கு. பிசியோதெரபிஸ்ட் அம்மா சொல்லிக் கொடுத்தபடி துண்டைப் பாதத்தில் கொடுத்து இழுத்துப் பிடிப்பாள். கொஞ்சம் தேறிய நாளில் சுவரில் கை ஊன்றிக் குதிகாலைத் தரையில் அழுத்தி நிற்பாள். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் ஐந்து தடவை எழுந்து உட்காருவாள், பிறகு எட்டு, பிறகு பத்து. விரல் மரத்துப்போனபோது பல்லாங்குழி. புளியமுத்தை ஒவ்வொன்றாகக் குழியில் போடுவது விரலுக்கு எவ்வளவு நல்ல வேலை தெரியுமா? அவள் ஆச்சியே எதிரில் உட்கார்ந்து ஆட ஆரம்பித்தாள், தோற்றும் போனாள். ஒரு நாள் பத்து நிமிஷம், ஒரு நாள் இரண்டு நிமிஷம். ஒன்றுமே முடியாத நாளும் உண்டு. அன்றைக்கு உண்மையாகவே ஓய்வு. களைத்த உடம்புக்கு ஓய்வு மருந்து, அதை நான் மறுக்கவில்லை. களைக்காத உடம்புக்கும் அதையே கட்டாயமாகப் புகட்டுவதைத்தான் மறுக்கிறேன்.

இனி, ஆஸ்பத்திரிகளோடு ஒரு வார்த்தை. எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப் போவதில்லை. டாக்டர்கள் தெய்வம் மாதிரி. ஆனால் நான் பார்த்த குழந்தைகள் வார்டுக்குள் பிசியோதெரபிஸ்ட் தானாக வந்து நான் பார்க்கவில்லை. பாதம் தொங்கிய பிறகுதான் சீட்டு எழுதுகிறார்கள். அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு, நடக்க முடியாத பிள்ளையை வேறு கட்டடத்துக்கு நடத்திக் கூட்டிப்போக வேண்டும்! பாப்பா ட்ரிப்ஸ் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு வராந்தாவில் நடந்தபோது, "பிள்ளைய ஏன் நடக்க விடுறீங்க, படுக்க வைங்க" என்று ஒரு நர்ஸ் அதட்டினார். டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார், அது அவருக்குப் போய்ச் சேரவில்லை. முதல் நாளிலிருந்தே கேஸ் தாளில் மருந்தின் பெயரோடு "இன்று எவ்வளவு நடக்கலாம்" என்று ஒரு வரி எழுதினால் இந்தச் சண்டையே வராது.

பள்ளிக்கூடத்தோடு இன்னும் பெரிய சண்டை. தீவிரமான கட்டம் முடிந்து, மாத்திரை மட்டும் சாப்பிடுகிற கட்டம் வந்ததும் பாப்பா வகுப்புக்குத் திரும்பினாள். விளையாட்டுப் பீரியடில் அவளை வேப்பமரத்தடியில் உட்கார வைத்தார்கள், மற்ற பிள்ளைகளின் தண்ணீர் பாட்டிலுக்குக் காவலாக! நடக்கலாம், பந்து போடலாம் என்று டாக்டர் எழுதிய கடிதத்தைக் காட்டினோம். "எதுவும் நடந்தா எங்களுக்குப் பொறுப்பு இல்லைன்னு எழுதிக் குடுங்க" என்றார்கள். என் தொழிலைச் செய்கிற தம்பிகளுக்கு ஒன்று சொல்கிறேன். உங்களிடம் கேட்பது ஓட்டப் பந்தயத்தில் மெடல் இல்லை. ஸ்கோர் எழுதச் சொல்லுங்கள், ஆனால் நின்றுகொண்டு எழுதச் சொல்லுங்கள். மைதானத்தை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றச் சொல்லுங்கள், கூட ஒரு தோழியை அனுப்புங்கள். முடி கொட்டி வளர்ந்த பிள்ளைக்கு, "நீயும் எங்க டீம்தான்" என்பதைவிட வேறு டானிக் கிடையாது.

நாம் கைதட்டுவது மட்டும் யாருக்கு? 2011 உலகக் கோப்பையில் சேப்பாக்கத்தில் வாந்தி எடுத்துக்கொண்டே சதம் அடித்த யுவராஜ் சிங்குக்கு. அவருக்குப் புற்றுநோய் என்று பிறகு தெரிந்தது. கீமோ முடிந்து 2012 செப்டம்பரில் அதே சேப்பாக்கத்தில் திரும்ப மட்டையைப் பிடித்தபோது நாடே அழுதது. கனடாவில் டெரி ஃபாக்ஸ் என்ற பையன், எலும்புப் புற்றுநோயில் ஒரு காலை இழந்தவன், செயற்கைக் காலோடு 1980-இல் 143 நாள் ஓடி, 5,000 கிலோமீட்டருக்கு மேல் கடந்தான். அவன் பெயரில் சென்னையிலும் ஓட்டம் நடத்துகிறார்கள். டி-ஷர்ட் போட்டுக்கொண்டு நாம் ஓடுவோம். நம் வீட்டுப் பிள்ளை வாசல்வரை நடந்தால் மட்டும் "ஐயோ, படு" என்போம்.

அரசாங்கத்திடம் கேட்கவும் ஒன்று இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வருகிறார். நல்ல திட்டம். எங்கள் தெருவில் பக்கவாதம் வந்த ஒரு பெரியவர் அதனால்தான் கைத்தடியோடு எழுந்து நிற்கிறார். அதே வண்டி, கீமோவுக்கு இடையில் வீட்டில் இருக்கிற பிள்ளையின் வாசலிலும் நிற்கட்டும். ஆஸ்பத்திரி இந்தப் பிள்ளை வருகிறது என்று ஒரு தகவல் அனுப்பினால் போதும். கிழவனுக்கு நடை வேண்டுமென்றால் குழந்தைக்கு வேண்டாமா?

கடைசியாக நம்மைப் போன்ற தாத்தா பாட்டிகளுக்கு. டாக்டரைப் பார்க்கும்போது நாம் கேட்பதெல்லாம் "என்ன செய்யக் கூடாது?" என்றுதான். முட்டை கூடாதா, தயிர் கூடாதா, வெயில் கூடாதா? அடுத்த முறை "என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். இன்றைக்கு இருக்கிற அணுக் கணக்குக்கு எவ்வளவு நடக்கலாம், மாடிப்படி ஏறலாமா, எந்த அறிகுறி தெரிந்தால் நிறுத்த வேண்டும், பிசியோதெரபிஸ்டை இப்போதே பார்க்கலாமா? இதைக் கேட்டதற்காக எந்த டாக்டரும் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

பிள்ளையைப் பார்க்கப் போகும்போது செல்போனைக் கையில் திணித்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பெருமூச்சு விடாதீர்கள். சளி, இருமல் இருந்தால் போகவே போகாதீர்கள். இல்லையென்றால் முகமூடி போட்டு, கையைக் கழுவிவிட்டுப் போங்கள். "வா தாயி, அந்த ஜன்னல்வரைக்கும் போய் என்ன தெரியுதுன்னு பார்ப்போம்" என்று கூப்பிடுங்கள். வரமாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள், மறுநாள் திரும்பக் கூப்பிடுங்கள். நமக்கும் முட்டி வலிக்கத்தான் செய்கிறது. இரண்டு பேருமாக மெதுவாகப் போய்ச் சேரலாம்.